கொசுறாக வரும் கறிவேப்பிலை

காய்கறிக் கடையில் காசு கொடுக்காமல் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான். எடை போட்டு முடித்த பிறகு பையின் மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கடைக்காரர் கொசுறாகச் செருகுவார். பழகிய முகமென்றால் நாலு காம்பு கொத்தமல்லியும் சேரும். அந்தக் கொசுறைத்தான் ஆய்வகங்கள் அதிகம் சந்தேகிக்கின்றன. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் அந்த மாநிலச் சந்தைகளில் காய்கறி மாதிரிகளை எடுத்துப் பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சோதித்து வருகிறது. எச்சம் காணப்பட்டவற்றில் கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் ஆகியவை திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்கறிகளைப் பற்றிக் கேரளம் எழுப்பிய புகார் 2015இல் இரு மாநிலச் சர்ச்சையாகவே ஆனது. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியக் கறிவேப்பிலையையும் வெண்டைக்காயையும் எல்லையில் கூடுதலாகச் சோதிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. காரணம் புரியாததல்ல. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கங்களில் கறிவேப்பிலை கொல்லையில் நிற்கும் மரமல்ல, ஏக்கர் கணக்கில் நிற்கும் பணப்பயிர். இலைதான் விளைபொருள் என்பதால் ஓட்டை விழுந்தாலோ சுருண்டாலோ விலை போகாது. தளிரில் சாறு உறிஞ்சும் பூச்சியும் இலையைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழுவும் விடாமல் வரும். மருந்தும் விடாமல் அடிக்கப்படும். அடித்த மருந்து விழுவது நாம் தின்னும் அதே இலையில். உரித்துப் போட அதற்குத் தோல் கிடையாது.

பையிலேயே விலை குறைந்த பொருள்தான் ஐயத்துக்கு மிக இடம் தருவது என்றால், ‘இயற்கை உணவெல்லாம் காசுள்ளவர்கள் சமாச்சாரம்’ என்ற பேச்சைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கலாம். அந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆர்கானிக் அங்காடிக்குள் நுழைந்து மாத மளிகைப் பட்டியலை அப்படியே நீட்டினால், நடுத்தரக் குடும்பத்தின் சம்பளம் தாங்காது. ஆனால் பட்டியலை அப்படியே நீட்ட வேண்டும் என்று யார் சொன்னது? ஆபத்தும் விலையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. எதில் எச்சம் அதிகமோ அதை முதலில் மாற்றுவது, எதைச் சும்மா வளர்க்க முடியுமோ அதற்குக் காசு கொடுக்காமலிருப்பது, எதில் ஆர்கானிக் என்ற சொல்லால் நமக்குப் பெரிய லாபம் இல்லையோ அதைச் சாதாரணக் கடையிலேயே வாங்குவது. இந்த வரிசை பிடிபட்டால் செலவு அடக்கத்துக்குள் நிற்கும். நடைமுறையில் பலர் செய்வது இதன் தலைகீழ். ஆர்கானிக் பிஸ்கட், ஆர்கானிக் சர்க்கரை, ஆர்கானிக் நூடுல்ஸ் என்று பளபளக்கும் பொட்டலத்தில் பணத்தைப் போட்டுவிட்டு, தாளிப்பதற்கு அதே கொசுறுக் கறிவேப்பிலையை உருவிப் போடுகிறார்கள்.

முதலில் பயத்தின் அளவைச் சரியாக எடை போட வேண்டும். மத்திய வேளாண் அமைச்சகத்தின் பூச்சிக்கொல்லி எச்சக் கண்காணிப்புத் திட்டத்தில் 2014-15ஆம் ஆண்டில் நாடெங்கும் 20,618 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 18.7 சதவீதத்தில் ஏதோவொரு எச்சம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியவை 2.6 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைப் பிடித்துக்கொண்டு ‘நூற்றுக்கு மூன்றுகூட இல்லை, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். காய்கறியைக் கண்டாலே விஷம் என்று கூவும் காணொளிகளை நம்பி, பிள்ளைக்குக் காயையே குறைத்துவிடும் வீட்டுக்கு அந்த 2.6 சதவீதம் ஒரு நல்ல மருந்து. ஆனால் அதே அறிக்கையில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது. 12.5 சதவீத மாதிரிகளில், பயன்படுத்த ஒப்புதலே தரப்படாத மருந்துகளின் எச்சம் காணப்பட்டது. அளவு மீறுவது ஒரு வகைத் தவறு. இங்கே அடிக்கவே கூடாத மருந்து அடிக்கப்படுகிறது. மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை விவசாயி அடிக்கிறார், அடித்த மறுநாளோ அதற்கு மறுநாளோ அறுவடையாகிறது, நடுவில் கேட்பாரில்லை. சராசரி எண் சின்னதாக இருப்பதால் ஒவ்வொரு பொருளிலும் ஆபத்து அதே அளவு சின்னதாக இருக்கும் என்று கொள்ள முடியாது. அது இலைகளிலும், பூச்சி விடாமல் தாக்கும் சில காய்களிலும் குவிந்து கிடக்கிறது. குவிந்திருப்பதும் ஒருவகையில் நல்லதே. எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிகிறது.

அடுத்தது காசுக் கணக்கு. 2022-23ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி தமிழ்நாட்டு நகரங்களில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரியாக 7,630 ரூபாய். நான்கு பேர் வீடென்றால் 30,520 ரூபாய். அகில இந்திய அளவில் நகரத்து வீடுகள் மொத்தச் செலவில் காய்கறிக்கு ஒதுக்குவது 3.8 சதவீதம். அதே விகிதத்தை இங்கே போட்டால் மாதம் சுமார் 1,160 ரூபாய் வருகிறது. அதே ஆய்வில் பானங்கள், நொறுக்குத் தீனி, வெளியில் வாங்கும் சமைத்த உணவு ஆகியவை சேர்ந்த பிரிவு 10.64 சதவீதம், நம் நான்கு பேர் வீட்டுக்கு ஏறக்குறைய 3,250 ரூபாய். இப்போது இன்னொரு கணக்கு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி சொல்கிறது. நான்கு பேருக்கு மாதம் 48 கிலோ. 1,160 ரூபாயை 48 கிலோவுக்குப் பகிர்ந்தால் கிலோ 24 ரூபாய். அந்த விலைக்கு எந்த ஊரில் எல்லாக் காயும் கிடைக்கிறது? ஆக, நம் வீடுகள் தேவையான அளவு காயே சாப்பிடுவதில்லை என்பதுதான் இந்தக் கணக்கு முதலில் காட்டிக்கொடுக்கும் உண்மை. ஆகவே இயற்கைக் காய் வாங்குகிறோம் என்று அளவைப் பாதியாக்குவது முட்டாள்தனம். மருந்தடித்த காயை நன்றாகக் கழுவி வயிறாரத் தின்பது, ஆர்கானிக் காயைப் பார்த்துப் பார்த்துத் தின்பதைவிட மேல். மாற்றம் எதுவானாலும் அதன் செலவு காய்கறிப் பணத்திலிருந்து வரக் கூடாது; அந்த 3,250 ரூபாயிலிருந்து வர வேண்டும். காய்கறி மொத்தத்தையும் ஒன்றரை மடங்கு விலையில் வாங்கினாலும் கூடுதலாக ஆவது மாதம் 580 ரூபாய். நான்கு பேர் ஒருமுறை ஓட்டலுக்குப் போய்விட்டு வந்தால் ஆகிற செலவு அது.

அந்த 580 ரூபாயும் தேவைப்படாத இடம் இலை. வீட்டில் வளர்ப்பது என்றதும் தக்காளியும் கத்தரியும் குலுங்கும் மாடித் தோட்டப் படங்கள் கண்ணுக்கு முன் வருகின்றன. ஆரம்பிக்கிறவர்கள் தோற்றுப் போவதும் அங்கேதான். காய்க்கும் செடிக்கு 6 மணி நேரத்துக்கும் மேலான நல்ல வெயில், ஆழமான தொட்டி, தவறாத உரம் எல்லாம் வேண்டும். பூக்கிற நேரத்தில் பூச்சி வந்தால் மூன்று மாத உழைப்பு நாலு காயோடு முடியும். இலைக்கு அந்த நாடகம் இல்லை. 3, 4 மணி நேர வெயில் விழும் பால்கனி போதும். விதைத்த 25ஆம் நாள் முளைக்கீரையைப் பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கடையில் வாங்கிய புதினாவின் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை ஈரமண்ணில் குத்தினால் அது புதுச்செடி. பொன்னாங்கண்ணியும் பசலையும் அப்படியே. வெந்தயக்கீரைக்கு அஞ்சறைப் பெட்டியே விதைக் கடை. கொத்தமல்லிக்கும் அதே பெட்டிதான், ஆனால் தனியாவை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். முழுதாகப் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று புலம்புவதில் பயனில்லை. கறிவேப்பிலைக்கு மட்டும் கொஞ்சம் பெரிய தொட்டியும் ஓராண்டுப் பொறுமையும் வேண்டும். நகரங்களில் ஒரு கட்டுக் கீரை 20 ரூபாயை ஒட்டி விற்கிறது. வாங்கிய மறுநாளே பாதி வாடி, அழுகல் போக ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். வீட்டுத் தொட்டியில் இருப்பது தேவைப்படும்போது தேவையான அளவு கிள்ளுவது, வீணாவதில்லை. எச்ச ஆபத்து அதிகம், வாடும் வேகம் அதிகம், வளர்க்கும் சிரமம் குறைவு என்று மூன்றும் ஒரே பொருளில் கூடி வருவது இலையில் மட்டும்தான். வீட்டுச் சாகுபடி இலையோடு நின்றுவிட்டாலும் குறையொன்றும் இல்லை.

ஆனால் இதையும் செலவுப் பொறியாக்க முடியும். மாடித் தோட்டம் என்ற பெயரில் அழகுத் தொட்டி, ஆயத்த மண்கலவை, வெளிநாட்டு உரம், சொட்டுநீர்க் குழாய் என்று ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து வெறும் தொட்டிகளைப் பழைய சாமான்காரருக்குப் போட்டவர்கள் எத்தனையோ பேர். பெயிண்ட் வாளி, மீன் வரும் தெர்மோகோல் பெட்டி, கிழியாத அரிசிச் சாக்கு ஆகியவற்றில் அடியில் ஓட்டை போட்டால் தொட்டி. செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் மண். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித் தோட்டத் தளையில் வளர்ப்புப் பை, தென்னைநார்க் கட்டி, விதை, உயிர் உரம், வேப்ப எண்ணெய் எல்லாம் இருக்கும். கிடைக்கிற ஆண்டில் வாங்கிக்கொள்ளலாம். உரத்துக்குச் சமையலறைக் கழிவு போதும். காய்த்தோலையும் காய்ந்த சருகையும் ஓட்டை போட்ட பானையில் மாற்றி மாற்றிப் போட்டு மூடினால் 2 மாதத்தில் மக்கிவிடும். அசுவினி வந்தால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யம் நல்ல பொருள்தான், வயலுக்கு 100 லிட்டர் நீரில் 3 லிட்டர் என்று தெளிக்கிறார்கள். ஆனால் பத்துத் தொட்டி வைத்திருப்பவர் அதைத் தயாரிக்கக் கிளம்புவது மலையைக் கெல்லி எலி பிடிக்கிற கதை. மாடியில் வைப்பவர்கள் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கீரையில் மிச்சம் பிடித்தது ஒழுகும் தளத்துக்குப் போய்விடும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் அரிசியும் காயும் கழுவிய நீர் பத்துத் தொட்டிக்கும் ஏறக்குறையப் போதும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வேலையெல்லாம் வீட்டில் யார் தலையில் விழும் என்பதை யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே சமையலையும் துவைப்பையும் சுமக்கிற பெண்ணுக்கு இது இன்னொரு வேலையாகச் சேர்ந்தால், அந்தத் தோட்டம் காசுக்கு மலிவாக இருக்கலாம், வீட்டுக்கு மலிவல்ல.

வளர்க்க முடியாத காய்களுக்கு வருவோம். அமெரிக்காவில் எச்சம் அதிகமுள்ளவை பன்னிரண்டு, குறைவாக உள்ளவை பதினைந்து என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வருகிறது. ஸ்ட்ராபெர்ரி முன்வரிசையில் நிற்கும் அந்தப் பட்டியலைத் தமிழில் மொழிபெயர்த்துப் பகிர்வதால் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் காயை விவசாயி எத்தனை முறை மருந்தடிக்காமல் காப்பாற்ற முடியும் என்பதுதான். கத்தரியில் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் துளைத்துப் போகும் புழு ஒரு பெரும் தலைவலி. மரபணு மாற்றிய கத்தரியைக் கொண்டுவர முயன்றதும், 2010இல் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்ததும், அந்தப் புழுவைச் சுற்றி எழுந்த விவாதம்தான். வெண்டை, பச்சை மிளகாய், காலிஃபிளவர், திராட்சை ஆகியவையும் இதே வகை. இவற்றுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பொருள் இருக்கிறது. பூசணி, சேனை, மரவள்ளி, பலா, தேங்காய் ஆகியவற்றுக்குப் பொதுவாக மருந்து குறைவு, அல்லது தடித்த தோலையோ ஓட்டையோ நீக்கிவிட்டுத்தான் சமைக்கிறோம். இவற்றில் ஆர்கானிக் முத்திரைக்காக இரட்டை விலை கொடுக்கத் தேவையில்லை. பருவம் இன்னொரு துருப்பு. பருவத்தில் விளையும் நாட்டுக் காய்க்குப் பூச்சித் தொல்லையும் விலையும் சேர்ந்தே குறையும். கார்த்திகை, மார்கழியில் அவரைக்காய் குவியும்போது அவரையைத் தின்ன வேண்டும். ஆண்டு முழுக்க அதே நான்கு காய்தான் வேண்டும் என்று கேட்கிற நாக்குக்குத்தான் மருந்தடித்துப் பருவம் தப்பி விளைவிக்கிறார்கள்.

எங்கே வாங்குவது என்பதில்தான் விலையின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது. ஆர்கானிக் காய் விலையில் விவசாயிக்குப் போவது ஒரு பங்கு. குளிரூட்டிய அறை, பொட்டலம், கடை வாடகை, விற்காமல் அழுகியதன் நஷ்டம் எல்லாம் இன்னொரு பங்கு. இந்த இரண்டாவது பங்கை வெட்டினால் விலை தானாக இறங்கும். நான்கைந்து வீடுகள் சேர்ந்து பக்கத்துக் கிராமத்து இயற்கை விவசாயி ஒருவரிடம் வாரம் ஒருமுறை, ‘வயலில் இருப்பதைக் கொடுங்கள்’ என்று பேசிக்கொள்வது அதற்கு நேரான வழி. அவருக்கு விற்பனை உறுதி. இவர்களுக்கு விலை உறுதி. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது நினைவிருக்கும். ஆண்டு முழுக்க ஒரே விலை என்று முன்கூட்டிப் பேசிக்கொண்ட வீடுகளுக்கு அப்படிப்பட்ட மாதங்களில் இயற்கைக் காய்தான் மலிவு. உழவர் சந்தையும் ஒரு வழி. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறந்தபோதிலிருந்து அங்கே இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்கிறார். அங்கே விற்பதெல்லாம் இயற்கை விளைச்சல் என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் ‘என்ன மருந்து அடித்தீங்க, எப்ப அடித்தீங்க’ என்று விளைவித்தவரிடமே கேட்க முடிகிற இடம் அது. சூப்பர் மார்க்கெட் தட்டிடம் அதைக் கேட்க முடியாது.

தானியத்தில் நிலைமை வேறு. நெல் ஜெயராமன் போன்றவர்களின் உழைப்பால் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் கருப்புக் கவுனியும் மறுபடி புழக்கத்துக்கு வந்தது பெரிய காரியம். அந்தப் புகழை வைத்துக்கொண்டு ‘பாரம்பரிய அரிசி’ என்ற சொல்லையே ‘இயற்கை அரிசி’ என்று விற்பது வேறு காரியம். பாரம்பரிய ரகத்துக்கும் யூரியா போடலாம், மருந்தடிக்கலாம். ரகம் வேறு, சாகுபடி முறை வேறு. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம் என்றால் இரண்டும் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். குடும்ப அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிற மாநிலம் இது. அந்த அரிசியில் வண்டியை ஓட்டுகிற வீட்டிடம் கிலோ 100 ரூபாய் அரிசியைப் பரிந்துரைப்பது ஈவிரக்கமற்ற பேச்சு. அவர்களுக்கு உகந்தது சிறுதானியம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கேழ்வரகும், ஜவ்வாது மலை, கொல்லிமலைச் சாமையும் பெரும்பாலும் மானாவாரி; மருந்து அடித்துக் கட்டுப்படியாகாத பயிர்கள். முத்திரை இல்லாத சாதாரணக் கேழ்வரகே ஏறக்குறைய இயற்கை விளைச்சல்தான். வாரத்தில் இரண்டு வேளை களியோ அடையோ கூழோ ஆனால், ஆர்கானிக் என்ற சொல்லுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்காமலே ஆர்கானிக் சாப்பிட்டாயிற்று. இயற்கை அரிசிதான் வேண்டும் என்கிற வீடுகள் தை அறுவடைக்குப் பிறகு விவசாயியிடமே சிப்பமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். பட்டை தீட்டாத அரிசி என்றால் மட்டும் ஓராண்டுக்குச் சேர்த்து வாங்கக் கூடாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்குவாடை வரும், வண்டும் சீக்கிரம் விழும். இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காமலிருப்பது நல்லது.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி, ‘உண்மையிலேயே ஆர்கானிக்தானா, யார் கண்டது?’ என்பது. ஏமாற்று நிறைய உண்டு, மறுக்க முடியாது. சட்டம் இல்லாமல் இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2017இல் இயற்கை உணவுக்கென விதிகள் கொண்டுவந்தது. பொட்டலத்தில் ‘ஆர்கானிக்’ என்று போட வேண்டுமானால் இரண்டில் ஒரு சான்று வேண்டும். ‘ஜைவிக் பாரத்’ முத்திரை அதன் அடையாளம். ஏற்றுமதிக்கும் ஏற்ற மூன்றாம் நபர் சான்று ஒன்று. தமிழ்நாட்டில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையே அதை வழங்குகிறது. அக்கம்பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பரிசோதித்து உறுதி சொல்லும் பி.ஜி.எஸ். முறை இன்னொன்று, இதில் செலவு குறைவு. ரசாயனத்தை விட்டவுடனே சான்று கிடைத்துவிடாது. மூன்றாம் நபர் சான்று முறையில் ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டும் மரப்பயிர்களுக்கு 3 ஆண்டும் மாற்றக் காலம் உண்டு. இந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையும், கூடுதல் விலையும் கிடைக்காது. விவசாயிக்கு மிகவும் கடினமான காலம் அதுதான். வயலிலிருந்து நேரே நுகர்வோருக்கு விற்கும் சிறு விவசாயிக்கு விதிகளில் விலக்கு இருக்கிறது. ஆகவே சான்றில்லாத சிறு விவசாயி பொய்யர் என்றும், சான்றுள்ள பொட்டலம் மட்டுமே மெய் என்றும் முடிவு கட்டத் தேவையில்லை. கண்ணில் காணாத ஊரிலிருந்து வரும் பொட்டலத்துக்கு முத்திரை வேண்டும். கண்ணுக்கெட்டும் வயலுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தால் போதும். ‘நேச்சுரல்’, ‘நாட்டு’, ‘பாட்டி முறை’, ‘மரச்செக்கு’ போன்ற சொற்களில் எதுவும் சாகுபடியைப் பற்றி எதையும் உறுதி சொல்லவில்லை. மரச்செக்கு என்பது எப்படி ஆட்டினார்கள் என்பதற்கான பதில், கடலையை எப்படி விளைவித்தார்கள் என்பதற்கல்ல.

சத்து அதிகமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், பெரிதாக ஒன்றும் உறுதியாகவில்லை என்பதே. 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இயற்கை உணவில் சத்து அதிகம் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றார்கள். 2014இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையேற்ற குழு 343 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பொருள்கள் கூடுதல், காட்மியம் குறைவு என்று கண்டது. சத்தில் கருத்து மோதிய இருவரும், எச்சம் குறைவு என்பதில் ஒத்துப்போனார்கள். கழுவினால் போகாதா என்பவர்களுக்கு 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் ஆப்பிளில் செய்த சோதனை பதில் சொல்கிறது. சமையல் சோடா கலந்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறியபோது தோலின் மேலிருந்த இரண்டு மருந்துகளும் நீங்கின. ஆனால் அவற்றில் ஒன்றின் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே தோலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. கழுவுவது கட்டாயம் வேண்டும், அது மட்டும் போதாது என்பதே அதன் பொருள். கடைக் கறிவேப்பிலையைப் புளி கரைத்த நீரில் 15 நிமிடம் போட்டு வைத்து அலசுவது கேரளத்தில் பரிந்துரைக்கப்படும் எளிய வழி.

கடைசியாக, பெரிய மனிதர்களின் ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் இயற்கைக்கு மாறினால் நாடு பட்டினி கிடக்கும் என்பார்கள், இலங்கையைக் காட்டுவார்கள். 2021இல் ரசாயன உர இறக்குமதியை அங்கே ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள்; நெல்லும் தேயிலையும் அடி வாங்கின, அதே ஆண்டு நவம்பரில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மலையகத் தமிழ்த் தொழிலாளரின் கூலி வரை பாய்ந்த பாடம் அது. 2012இல் நேச்சர் இதழில் வந்த தொகுப்பாய்வும், பயிரையும் முறையையும் பொறுத்து இயற்கை விளைச்சல் 5 முதல் 34 சதவீதம் வரை குறைவு என்றது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டே பேசலாம். ஓர் அரசு ஒரே இரவில் நாட்டை மாற்றுவது வேறு, ஒரு வீடு தன் தாளிப்பை மாற்றுவது வேறு. விளைச்சல் குறைகிறது என்றால் அந்த விவசாயிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது தர்மமல்ல, கணக்கு. மறுபக்கத்தில் மலிவு என்று நாம் நினைக்கும் காயின் விலையும் முழு விலை அல்ல. 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது; மிச்சத்தை அரசு கட்டுகிறது. 2022-23இல் உர மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். அந்தப் பணமும் நம் பையிலிருந்துதான் போகிறது, காய்கறிக் கடையில் கண்ணுக்குத் தெரியாமல். 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு இயற்கை வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. மானியத்தின் திசை அதனால் எவ்வளவு மாறும் என்பது அரசின் கையில். எதை முதலில் மாற்றுவது என்பது மட்டும் வீட்டின் கையில்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நாற்றங்காலில் கறிவேப்பிலைக் கன்று கிடைக்கும், பெயிண்ட் வாளி ஒன்று பரணில் இருக்கும். கன்று வேர் பிடித்துக் கிளைக்கும் வரை முதல் ஓராண்டு அதில் அதிகம் பறிக்கக் கூடாது. ஆகவே இந்த ஆடியில் நடுகிறவர்களும் அடுத்த ஆடி வரை கொசுறுக் கறிவேப்பிலையைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத்தான் ஆக வேண்டும்.